மூன்றாவது மூங்கிலில் நின்ற பாய்

கப்பலிலிருந்து,
10-1-1989, செவ்வாய்

என் அன்புத் தையல்காரிக்கு,

இங்கே நானும் கப்பலும் துருப்பிடித்தபடி நலம். அங்கே நீயும் உன் தையல் மெஷினும் நலமாக ஓடிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் இன்று காலை தண்ணீர் கேன்களோடு வந்தது. லாஞ்சுக்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன சார், எழுத்தே இவ்வளவு அழுத்தமா இருக்கு, வீட்டம்மா கோவமா இருக்காங்களா?" என்று கேட்டார். பிரித்துப் பார்த்தேன். கோபம்தான். நான் வாங்கிப் போட்டுவிட்டு வந்த படகின் மூக்கு சமையலறைப் பின்கதவை அடைத்துக்கொண்டிருக்கிறது, குப்பை கொட்டப் போவதற்குக்கூட ஒருக்களித்து நுழைய வேண்டியிருக்கிறது, அண்ணன் அதை விறகுக்குப் போடச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். மச்சானுக்கு என் மேல் இருக்கும் கோபத்தைப் படகின் மேல் காட்ட வேண்டாம் என்று சொல்.

பதினோரு மாதமாக இந்தக் கப்பலை நங்கூரத்தில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். இரண்டு முதலாளிகளும் கோர்ட்டில் சண்டை போடுகிறார்கள். தீர்ப்பு வரும்வரை ஒரு ஆள் காவலுக்கு இருந்தாக வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் ஊருக்குப் போனார்கள், கையெழுத்துப் போட்ட நான் மாட்டிக்கொண்டேன். விடுவிப்புக் காகிதம் வரும்வரை கரையில் கால் வைக்கக் கூடாது. எல்லாம் உனக்கு முன்பே எழுதியதுதான். தனியாக இருப்பவன் சொன்னதையே சொல்வான், பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் படகுக்கு நீ ஒரு சீனப் பாய் தைக்க வேண்டும். சிரிக்காதே. தொலைநோக்கியில் தினமும் ஒன்றைப் பார்க்கிறேன். மீன் துறையில் ஒரு கிழட்டுப் படகு, பழுப்புப் பாய், குறுக்கே மூங்கில்கள். உன் படுதாப் பட்டறையில் தைக்கிற எதையும்விட எளிது. பாய்க்குக் குறுக்கே ஐந்து மூங்கில், மேலே ஒரு கழி, கீழே ஒரு கழி, நடுவில் ஆறு கட்டம். மேல் கழியில் கட்டிய கயிற்றை இழுத்தால் மடக்கு விசிறி மாதிரி விரிந்து மேலே போகும். காற்று மிஞ்சினால் அதே கயிற்றைக் கொஞ்சம் விட்டால் போதும். தன் எடையிலேயே ஒரு கட்டம் இறங்கி மடிந்து படுத்துக்கொள்ளும். பாய்மரத்துக்கு நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டவும் வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரே ஆள் போதும். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க வேண்டாம், கயிறெல்லாம் அவன் கைக்கே வந்துவிடும்.

அளவுகளைத் தனித்தாளில் வரைந்திருக்கிறேன். காகிதம் அடுத்த மாதம் வந்துவிடும் என்கிறார்கள். நான் வரும்போது பாய் தயாராக இருந்தால் நேரே தண்ணீரில் இறக்கிவிடலாம்.

உன்,
கப்பல்காரன்


வீட்டிலிருந்து,
29-1-1989

அன்புள்ள கப்பல்காரருக்கு,

பெண்டாட்டிக்குச் சேலை அனுப்புகிற புருஷனைப் பார்த்திருக்கிறேன். தைக்க வேலை அனுப்புகிற புருஷனை இப்போதுதான் பார்க்கிறேன். பகல் முழுவதும் பட்டறையில் லாரிப் படுதாவோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து ராத்திரி உங்கள் பாயோடு மல்லுக்கட்ட வேண்டும், அப்படித்தானே? இருக்கட்டும். படம் நன்றாகப் புரிகிறது. கடிதத்தில்தான் சுற்றி வளைக்கிறீர்கள், படத்தில் ஒரு கோடு பிசகுவதில்லை.

துணி கிடைத்துவிட்டது. ஒரு ஜவுளிக்கடைக்குத் தைத்த வாசல் பந்தலை எழுத்து பெரிதாகிவிட்டது என்று திருப்பிவிட்டார்கள். முதலாளியம்மா, "எடுத்துட்டுப் போ, இங்க இடத்தை அடைக்குது" என்றார். நம் வீட்டில் அடைக்காத இடம் எது என்று நினைத்துக்கொண்டே சுமந்து வந்தேன். 'தள்ளுபடி' என்று எழுதிய துணி. வெட்டியதில் 'படி' போய்விட்டது. நான்காவது கட்டத்தில் 'தள்ளு' என்று மட்டும் கொட்டை எழுத்தில் நிற்கும். காற்றுக்கு அது உத்தரவாக இருக்கட்டும்.

ஒரு திருத்தம். நீங்கள் கட்டங்களைத் தட்டையாக வெட்டச் சொல்கிறீர்கள். தட்டையாக வெட்டினால் காற்று வழுக்கிக்கொண்டு போகாதா? ரவிக்கைக்குப் பிடிப்பு வைப்பது மாதிரி ஒவ்வொரு கட்டத்துக்கும் கொஞ்சம் வயிறு விட்டுத் தைக்கப் போகிறேன். நீங்கள் கடலைப் பார்த்தவர், நான் துணியைப் பார்த்தவள்.

இப்போது என் விஷயம். பட்டறையைக் காயலுக்கு அந்தப் பக்கம், அக்கரைக்கு மாற்றுகிறார்கள். இந்த இடம் போதவில்லையாம். முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு, "நீ வந்தா வெட்டுப் பிரிவு முழுக்க உன் பொறுப்பு. தங்க மேல்மாடியில ரூம் இருக்கு. புள்ளகுட்டி இல்ல, உனக்கென்ன தடை?" என்றார். பதினாறு வருஷமாக மற்றவர்கள் வெட்டியதைத் தைத்தவள் நான். வெட்டுகிற மேஜையை ஒரு நாளாவது தொட மாட்டோமா என்று இருந்தவள். ஆனால் பாலத்தைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போனால் இரண்டரை மணி நேரம், தினமும் போய்வர முடியாது. வீட்டைக் காலி செய்துகொண்டுதான் போக வேண்டும். நீங்கள் அடுத்த மாதம் வந்து பூட்டிய கதவைப் பார்த்தால்? பிப்ரவரி முடிவதற்குள் பதில் வேண்டும் என்கிறார். என்ன சொல்லட்டும்?

அண்ணன் நலம். அவருடைய இரும்புக்கடையில் நீங்கள் உட்கார்ந்து வேலை பார்த்த ஸ்டூலை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. "மாப்பிள்ள வந்தா உக்கார இடம் வேணும்ல" என்கிறார். நீங்கள் நினைக்கிற அளவுக்கு அவர் கெட்டவர் இல்லை.

உங்கள்,
தையல்காரி


கப்பலிலிருந்து,
14-2-1989, செவ்வாய்

என் அன்புத் தையல்காரிக்கு,

வயிறு வைத்துத் தை. நீ சொல்வதுதான் சரியாக இருக்கும். எனக்கு இது தோன்றவே இல்லை.

பட்டறை விஷயம் படித்தேன். அவசரப்படாதே. மார்ச்சில் காகிதம் நிச்சயம் என்று வக்கீலின் குமாஸ்தா சொல்லி அனுப்பியிருக்கிறார். இவ்வளவு நாள் பொறுத்துவிட்டு வாசல்வரை வந்தபின் வீட்டைக் கலைப்பானேன்? நான் வந்தபிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து யோசிக்கலாம். முதலாளியம்மாவிடம் ஒரு மாதம் தவணை கேள். உன்னைப் போல வேலைக்காரி அவருக்கு எங்கே கிடைப்பாள், காத்திருப்பார்.

இங்கே புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மேல்தளத்தை ஒரு சுற்று சுற்றினால் இருநூற்றுப் பன்னிரண்டு அடி. காலையில் இருபது சுற்று, மாலையில் இருபது சுற்று. ஜெனரேட்டர் செத்துப்போய் ஆறு மாதம் ஆகிறது. மொத்தம் நாற்பத்தேழு கதவு. தினமும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிறேன், இல்லாவிட்டால் கீல் இறுகிவிடும். இன்னும் கொஞ்ச நாளில் என் கீலுக்கும் எண்ணெய் விட வேண்டியிருக்கும்.

இனி கயிறு. மூன்று வகை கேட்டுக்கொள். ஒன்று, ஏற்றுக்கயிறு. மரத்தின் உச்சிக் கப்பி வழியாகப் போய் அடியில் இன்னொரு கப்பியில் திரும்பிப் பின் இருக்கைக்கு வரட்டும். இரண்டு, ஒவ்வொரு மூங்கிலையும் மரத்தோடு சேர்த்துப் பிடிக்கும் வளையக் கயிறு. மூன்று, ஒவ்வொரு மூங்கிலின் பின்முனையிலிருந்தும் வரும் மெல்லிய கயிறுகள். அவை கப்பிகள் வழியாக ஒரே கயிறாகச் சேர்ந்து, அதுவும் பின் இருக்கைக்கே வரும். இறங்கும் பாய் தண்ணீரில் விழாமல் இருக்க, இரண்டு பக்கமும் தொட்டில் மாதிரி ஒரு கயிறு தொங்கவிடு. கையில் பிடிக்கிற கயிறு கனமாக இருக்கட்டும். மெல்லியது உள்ளங்கையை அறுத்துவிடும்.

உன்,
கப்பல்காரன்


வீட்டிலிருந்து,
12-3-1989

அன்புள்ள கப்பல்காரருக்கு,

மார்ச் பாதி ஆகிவிட்டது. தெருமுனையில் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நிற்கிறேன். அவருக்கே பாவமாகிவிட்டது போல, இப்போதெல்லாம் நம் தெருவில் மணி அடிப்பதில்லை.

மரம் நட்டாகிவிட்டது. பக்கத்துத் தெருத் தச்சர் செதுக்கிக் கொடுத்தார். பட்டறையில் மூட்டை தூக்குகிற நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். முற்றத்தில் துணி காயும் கொடியை அவிழ்த்து, மரத்தைச் சாய்த்து, படகின் மேல்பலகையில் வெட்டிய துளை வழியாக இறக்கினார்கள். அடிக்கட்டையில் போய் உட்கார்ந்ததும் தச்சர் மரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "அசையாதும்மா, வீடு விழுந்தாலும் இது விழாது" என்றார். வீட்டுச் சொந்தக்காரர் காதில் விழுந்திருக்கக் கூடாது.

பிறகு பாய். மூங்கில்களைப் பாயில் குறுக்கே தைத்த பைகளுக்குள் நுழைத்து, முனைகளைத் தைத்து, வளையம் வளையமாக மரத்தோடு கட்டி முடிக்க ஒரு வாரம் ஆனது. நேற்று சாயங்காலம் காற்றே இல்லாதபோது இழுத்துப் பார்த்தேன். மதில்மேல் அக்கம்பக்கத்துத் தலைகள் எல்லாம் வரிசையாக முளைத்துவிட்டன. ஒவ்வொரு கட்டமாக மேலே போய், ஆறும் விரிந்து, அந்தக் காரை பெயர்ந்த முற்றத்தில் 'தள்ளு' என்று நின்றபோது கயிற்றை விடாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணன் மட்டும் கீழே நின்று, "பந்தல் நல்லாருக்கு, யாருக்குக் கல்யாணம்?" என்றார். அவரும் கொஞ்ச நேரம் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தார்.

ஏற்றியது போல இறங்கவில்லை. கயிற்றை விட்டேன். முதல் கட்டம் மடிந்தது, இரண்டாவதும் மடிந்தது. மூன்றாவது மூங்கிலில் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை, உங்களைப் போலவே. ஏணி வைத்து ஏறி வளையத்தைக் கையால் தள்ளி இறக்கினேன். இறுக்கம் என்று நினைத்துத் தளர்த்தினால் பாய் முன்னால் ஓடிவிடுகிறது. இறுக்கினால் மரத்தைக் கவ்விக்கொள்கிறது. முற்றத்தில் பரவாயில்லை, நடுத்தண்ணீரில் காற்று அடிக்கும்போது பாய் இப்படி நடுவில் நின்றால் நான் ஏணிக்கு எங்கே போவேன்? அந்தக் கிழட்டுப் படகில் வளையம் எப்படி இருக்கிறது என்று தொலைநோக்கியில் கொஞ்சம் உற்றுப் பார்த்து எழுதுங்கள்.

இன்னொன்று. கயிறெல்லாம் கட்டி முடித்துவிட்டு உங்கள் படத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஏற்றுக்கயிறு, மூங்கில் முனைகளின் இழுகயிறு, தொட்டில் கயிறு, சுக்கான் எல்லாம் ஒரே இருக்கைக்கு வருகின்றன. அந்த இருக்கையும் ஒரு ஆள் அகலம்தான். நான் எங்கே உட்காருவது?

முதலாளியம்மாவிடம் ஏப்ரல் கடைசிவரை தவணை வாங்கியிருக்கிறேன். "உன் வீட்டுக்காரரு வரட்டும் வரட்டும்னு ரெண்டு மாசமா சொல்றே. மே பொறந்தா நான் வேற ஆளப் பாத்துக்குவேன், அப்புறம் வருத்தப்படாதே" என்றார். ஒரு பெட்டியை இறக்கி வைத்திருக்கிறேன். கட்டவும் முடியவில்லை, திரும்பப் பரணில் ஏற்றவும் மனசு வரவில்லை. தினமும் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறேன்.

உங்கள்,
தையல்காரி


கப்பலிலிருந்து,
4-4-1989, செவ்வாய்

என் அன்புத் தையல்காரிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பாய் ஏறிவிட்டது என்ற இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

மூன்றாவது மூங்கிலில் நிற்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. அங்கேதான் மரம் பருக்கும். தளர்த்தாதே, இறுக்காதே, நீளம் சரியாகத்தான் இருக்கிறது. கோளாறு வழுவழுப்பில். இந்தக் கிழட்டுப் படகில் வளையத்தை மொட்டைக் கயிறாக விடவில்லை. மரத்தில் உராயும் இடத்தில் ஒரு சாண் நாலு விரல் நீளத்துக்குத் தோல் சுற்றி, உள்பக்கம் தையல் வராதபடி வெளிப்பக்கமாகத் தைத்திருக்கிறான். ஒரு விரற்கடைக்கு மூன்று தையல். அதன்மேல் தேன்மெழுகும் கொஞ்சம் விளக்கெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சித் தடவியிருக்கிறான். விரலால் தேய்த்தால் இளகி நல்ல வாசனை வரும். வெறும் மெழுகாக இருந்தால் வெயிலில் உதிரும், எண்ணெய் சேர்ந்ததால் ஒட்டி நிற்கிறது. இந்த மாதிரி செய், வெண்ணெயாக இறங்கும்.

வளையத்துக்கும் மரத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழையக் கூடாது.

உன் பெட்டியை முன்பக்கம் வைத்து அதன்மேல் நீ உட்கார்ந்துகொள்ளலாம். அங்கே காற்று நன்றாக வரும்.

காகிதம் இன்னும் வரவில்லை. கோர்ட்டுக்கு விடுமுறையாம். மே மாதம் என்கிறார்கள். இன்னும் ஒரு மாதம் பொறு.

உன்,
கப்பல்காரன்


வீட்டிலிருந்து,
16-4-1989

அன்புள்ள கப்பல்காரருக்கு,

நீங்கள் சொன்னபடி தோல் சுற்றினேன். மெழுகையும் எண்ணெயையும் காய்ச்சித் தடவினேன். பாய் வெண்ணெயாக இறங்குகிறது.

தடவிய விரலை முகர்ந்து பார்த்தேன். நல்ல வாசனைதான். அப்போது உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஒரு சாண் நாலு விரல் என்பது உங்கள் சாண், உங்கள் விரல். உள்பக்கம் தையல் இல்லை என்பது வளையத்தைத் திருப்பிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். பதினாறு வருஷம் ஊசி பிடித்தவளுக்கு இதுகூடவா தெரியாது?

தொலைநோக்கியில் வாசனை வருமா?

தையல்காரி


கப்பலிலிருந்து,
2-5-1989, செவ்வாய்

என் அன்புத் தையல்காரிக்கு,

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு வாரமாக இருபது சுற்று, நாற்பது சுற்று என்று நடக்கிறேன். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்றும் யோசித்தேன், மறைக்கவில்லை. லாஞ்சுக்காரர் பார்த்துச் சொன்னார் என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

விடுவிப்புக் காகிதம் போன நவம்பர் பதினைந்தாம் தேதியே வந்துவிட்டது. அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை. குமாஸ்தா லாஞ்சில் வந்து, "நீங்க கெளம்பலாம் சார், வேற ஆளைப் போட்டுக்கிறோம்" என்றார். பையைக் கட்டினேன். மேல்தளத்தில் பைமேல் உட்கார்ந்தேன். லாஞ்சு கிளம்புகிற நேரம், "வேற ஆள் எதுக்கு, நானே இருக்கேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. அவர் இன்னொரு தாளை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். அதற்கப்புறம் செவ்வாய்தோறும் லாஞ்சில் கரைக்குப் போய், அந்தக் கிழட்டுப் படகுக்காரனோடு கயிறு பின்னிவிட்டு, சாயங்காலம் திரும்பி வருகிறேன். கால் வைக்கக் கூடாது என்றதெல்லாம் பழைய கதை.

வேறு பெண் இல்லை. அதைச் சொல்லாமலே நீ நம்புவாய் என்று தெரியும், ஆனாலும் எழுதுகிறேன்.

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வீட்டை நினைத்தால் உன் முகம் வருகிறது, அதை அடுத்து அந்த ஸ்டூல் வருகிறது. கடைசியாக ஊரில் இருந்த எட்டு மாதம் ஆணி எடை போட்டேன். உன் அண்ணன் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. யார் வந்தாலும், "நம்ம மாப்பிள்ளை, இனிமே கடலுக்குப் போக மாட்டார்" என்று அறிமுகம் செய்வார். ஒவ்வொரு தடவையும் ஒரு கதவு சாத்துகிற மாதிரி இருக்கும். இங்கே நாற்பத்தேழு கதவும் என் கையில். இதுவும் சிறைதான், எனக்கு நன்றாகத் தெரியும். துருவும் கொசுவும் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் 'இன்னும் காகிதம் வரவில்லை' என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை நான் எந்தப் பக்கமும் முடிவெடுக்க வேண்டியதில்லை. முதல் மாதம் அந்தப் பொய்யை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். அப்புறம் பழகிவிட்டது. அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது.

இருக்கை விஷயம் கேட்டாய். படம் வரையும்போது நான் ஒரு ஆளைத்தான் நினைத்தேன். அது நான்தான். நீ கேட்டபிறகுதான் அது எனக்கே உறைத்தது. அதனால்தான் பெட்டிமேல் உட்காரச் சொன்னேன்.

இப்போது பையைக் கட்டி வைத்திருக்கிறேன். நீ வா என்று ஒரு வார்த்தை எழுதினால் அடுத்த லாஞ்சில் ஏறிவிடுவேன். ஸ்டூலில் உட்காரச் சொன்னாலும் உட்காருகிறேன்.

உன்,
கப்பல்காரன்


அக்கரையிலிருந்து,
11-6-1989

அன்புள்ள கப்பல்காரருக்கு,

உங்கள் கடிதம் மே மாதம் பதினைந்தாம் தேதி கிடைத்தது. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு மன்னியுங்கள். வேலை இருந்தது.

படித்த அன்று அழுதேன். மறுநாள் கோபம். அந்தக் கோபத்தில் நாற்பது அடி படுதாவைக் கோணலாகத் தைத்துவிட்டேன். முதலாளியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, கோணல் தையலைத் தானே உட்கார்ந்து பிரித்தார். மே பிறந்தும் அவர் வேறு ஆளைப் பார்க்கவில்லை. சொன்னது வாய்ப் பேச்சு. எத்தனை பேர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன், நான் உங்களுக்காகக் காத்திருந்ததில் அது கண்ணில் படவில்லை.

என் பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஸ்டூலில் உங்களை உட்காரவைத்தது அண்ணன் இல்லை, நான். நீங்கள் கடலுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் திரும்பி வருவீர்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்து அலுத்துப்போய், அண்ணனிடம் நான்தான் கெஞ்சினேன். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். தெரியாதது போல இருந்தேன். அதற்கு நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம், தட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று கடிதம் கடிதமாக எழுதியிருக்க வேண்டாம். உங்கள் கதவுக்குச் சாவி உங்கள் பையில் இருந்தது. என் கதவுக்கும் சாவி அதே பையில்தான் இருந்தது. அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

போகட்டும். படகைப் பற்றிச் சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

மாட்டு வண்டிக்காரர் ஒருவர் தண்ணீர்வரை இழுத்து வந்தார். மதிலில் நாலு வரிசைக் கல் எடுத்தபிறகுதான் படகு முற்றத்தை விட்டு வெளியே வந்தது. பின்கதவு ஒன்றரை வருஷத்துக்கப்புறம் முழுசாகத் திறந்தது. கொஞ்ச நேரம் அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டே நின்றேன். இரண்டு வாரம் கரையோரமாகவே ஓட்டிப் பழகினேன். தச்சர் பாதித் தூரம் கூடவே கரையில் நடந்து வந்து, "இழு, விடு, ஐயோ அந்தப் பக்கம் இல்லம்மா" என்று கத்திக்கொண்டிருப்பார். காலி டப்பாக்களை வைத்து ஒரு மிதவைச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டேன். எனக்கு நீச்சல் எவ்வளவு தெரியும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஜூன் நாலாம் தேதி காலையில் பெட்டியை முன்பக்கம் வைத்துக் கட்டி, தனியாகக் கிளம்பினேன். பாதி வழியில் காற்று திடீரென்று ஏறியது. படகு ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே தெறித்தது. பயத்தில் இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். பிறகு ஏற்றுக்கயிற்றைக் கொஞ்சம் விட்டேன். ஒரு கட்டம் இறங்கியது. இன்னும் விட்டேன், அடுத்ததும் இறங்கியது. மூன்றாவது மூங்கில் வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நிற்கவில்லை. அப்படியே வழுக்கிக்கொண்டு தொட்டிலில் வந்து படுத்தது. படகு நிமிர்ந்தது. உட்கார்ந்த இடத்தை விட்டு நான் எழுந்திருக்கவே இல்லை. நீங்கள் சொன்னது எல்லாம் சரி. நான் வைத்த வயிறும் சரி. ஒரு மணி இருபது நிமிஷத்தில் அக்கரை வந்துவிட்டது. துறையில் இருந்தவர்கள் 'தள்ளு' என்று வாய்விட்டுப் படித்துவிட்டுச் சிரித்தார்கள்.

இங்கே மேல்மாடி அறையில் ஒரு ஜன்னல். வெட்டு மேஜை இருபது அடி நீளம். கத்தரிக்கோலுக்குப் பிடி புதிதாகப் போட்டுத் தந்திருக்கிறார்கள்.

வா என்று ஒரு வார்த்தை கேட்டீர்கள். பல தடவை எழுதிப் பார்த்தேன். எழுதினால் நீங்கள் வருவீர்கள், அது எனக்குத் தெரியும். வந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, இன்னொரு ஸ்டூலில் உட்காருவீர்கள். அப்புறம் நான் தினமும் உங்கள் முகத்தைப் பார்த்து, எப்போது பையைக் கட்டுவார் என்று உட்கார்ந்திருப்பேன். உங்கள் மேல் இருக்கும் பிரியம் போகவில்லை. ஆனால் இனி காத்திருக்க என்னிடம் ஒரு மாதம்கூட மிச்சமில்லை.

நீங்கள் காத்திருந்ததாகச் சொன்ன அந்தக் காகிதத்தை நான் பார்த்ததில்லை. எப்படி இருக்கும் என்றும் தெரியாது. இதை அந்தக் காகிதமாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இனி நீங்கள் கப்பலில் இருந்தால் அது உங்களுக்குப் பிடித்து இருப்பது. இறங்கினாலும் அப்படியே. யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

உங்கள் டிரங்குப் பெட்டியை அண்ணன் கடையில் கொடுத்திருக்கிறேன். துணிகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், நீலச் சட்டைக்குப் பொத்தான் தைத்தாகிவிட்டது. சாவி அந்த ஸ்டூலுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. எடுப்பதற்கு ஸ்டூலில் உட்கார வேண்டியதில்லை. நின்றபடியே கைக்கு எட்டும்.

தையல்காரி